உறையைக் கலைக்காதீர்கள்: முத்திரைத் தேதியை வைத்து அஞ்சல்தலை சேகரிப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஐயா சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களை அப்பத்தா உறையோடு டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அந்தப் பெட்டி இப்போது சிங்கப்பூரில் ஈசூன் வீட்டுக்கு வந்திருக்கிறது. 1930களிலிருந்து 1960கள் வரைக்குமான உறைகள். அஞ்சல்தலைகளை ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் வைக்கலாமா? முத்திரைத் தேதியைப் பார்த்தே சேகரிப்பவர்கள் இருக்கிறார்களாமே, அது எப்படி? இதற்கெல்லாம் விலை உண்டா?

ஊறவைக்காதீர்கள், தம்பி. கத்தரிக்கோலையும் பக்கத்தில் வைக்காதீர்கள். தலையைப் பிரித்தால் முத்திரையில் கால்வாசி அதனோடு வரும், மீதி உறையில் தங்கிவிடும். பெரும்பாலும் தேதிதான் இரண்டாக வெட்டுப்படும். அதன்பின் உங்களிடம் இருப்பது பயன்படுத்திய பழைய தலை. அதே தலை லட்சக்கணக்கில் அச்சாகியிருக்கும். குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஓர் அலுவலகத்தில் முத்திரை வாங்கி, குறிப்பிட்ட ஒரு வீட்டுக்குப் போன உறை அந்த ஒன்றுதான்.

முத்திரை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சிங்கப்பூரின் தொடக்ககால அஞ்சலே போதும். 1854 முதல் 1867 வரை இங்கே தனித் தலை கிடையாது, இந்தியத் தலைகள்தான் விற்பனையில் இருந்தன. கல்கத்தாவில் ஒட்டியதும் சிங்கப்பூரில் ஒட்டியதும் ஒரே தலை. இது சிங்கப்பூரில் போட்ட கடிதம் என்று காட்டுவது தலைமேல் விழுந்த ‘பி 172’ என்ற எண் முத்திரை மட்டுமே. பினாங்குக்கு 147, மலாக்காவுக்கு 109. அந்த எண் முத்திரையில் தேதி இருக்காது. தேதி உறையின் வேறோர் இடத்தில் தனியாகக் குத்தப்பட்டிருக்கும். தலையை மட்டும் வெட்டி எடுத்தவர்களிடம் ஊர் மிஞ்சியது, நாள் போய்விட்டது. முந்தைய தலைமுறைச் சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான உறைகளை இப்படித்தான் அழித்தார்கள். கிரீடமும் சென்ட் மதிப்பும் மேலச்சிட்ட இந்தியத் தலைகள் 1867 செப்டம்பர் 1 அன்று வந்த பிறகுதான் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று, அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கென்று, தலை உண்டாயிற்று.

இதே நியாயம் பிற்காலத்துக்கும் பொருந்தும். கிறிஸ்மஸ் தீவு 1957 முடியும் வரை சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்தது, அங்கே சிங்கப்பூர்த் தலைகள்தான் புழக்கத்தில் இருந்தன. சாதாரண சிங்கப்பூர்த் தலைமேல் கிறிஸ்மஸ் தீவு முத்திரை விழுந்திருந்தால் அதைத் தேடுபவர்கள் பலர். கோக்கோஸ் தீவுகளுக்கு 1955 நவம்பர் வரை அதே கதை. உங்கள் பெட்டியில் அப்படி ஒன்று இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் தெரு முனையில் கிடைக்கும் பழைய தலைக் கட்டுகளைப் புரட்டும்போது கண் அங்கே போகட்டும்.

இனி ஓர் உறையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். உங்களுடையதைப் போன்ற ஒன்று என்னிடம் இருக்கிறது, மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் தொழில் நடத்திய கிட்டங்கி ஒன்றிலிருந்து தேவகோட்டைக்குப் போனது. முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. அதன்மேல் வட்ட முத்திரை: மேலே சிங்கப்பூர், நடுவில் நேரம், அதன்கீழ் 19 ஜூன், அடியில் 1936. முகவரி முழுக்கத் தமிழில், பெயருக்கு முன்னால் குடும்பத்தைக் குறிக்கும் விலாச எழுத்துகள் வரிசையாக. ‘தேவகோட்டை’ மட்டும் ஆங்கிலத்திலும் ஒரு முறை. பின்பக்கம் தேவகோட்டையின் பட்டுவாடா முத்திரை, 29 ஜூன். பத்து நாள். கப்பலில் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து ரயிலேறிப் போகும் கடிதத்துக்கு அது நம்பக்கூடிய காலம்.

உள்ளே கடிதமும் இருக்கிறது. அதில் ஆங்கிலத் தேதியே இல்லை. ‘தாது வருஷம் ஆனி மாதம் 5ஆம் தேதி’ என்று தொடங்குகிறது. ஆனி முதல் தேதி ஜூன் 14 அல்லது 15இல் விழும், ஆக ஐந்தாம் தேதி என்றால் ஜூன் 18, 19. எழுதிய அன்றோ மறுநாளோ தபாலில் சேர்ந்துவிட்டது. தாது என்றவுடன் நம்மவர்களுக்குப் பஞ்சம்தான் நினைவுக்கு வரும், அது 1876-77 தாது. அறுபது ஆண்டுச் சுற்றில் அடுத்த தாது 1936-37. உறை தொலைந்து கடிதம் மட்டும் கிடைத்திருந்தால் எந்தச் சுற்று என்ற கேள்வியாவது எழும். உறை இருப்பதால் எழவில்லை. முன்முத்திரை, பின்முத்திரை, உள்ளே தமிழ்த் தேதி, மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. ஒற்றை முத்திரையைக் காட்டித் தேதி சொல்லும் எந்த உறையையும்விட இது எனக்கு உசத்தி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரி 20 அன்றே இறந்துவிட்டார். ஜூனில் இன்னும் அவர் தலைதான் ஒட்டப்படுகிறது. எட்டாம் எட்வர்டுக்கு இங்கே தலையே வரவில்லை, ஆறாம் ஜார்ஜ் தலைகள் 1937இலிருந்துதான். ஆகவே ‘ராஜா இறந்த பிறகு அவர் தலை எப்படி?’ என்று அந்த உறையைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. பழைய தலை புதிய தேதியில் வருவது இயல்பு. புதிய தலை பழைய தேதியில் வந்தால்தான் ஏமாற்று.

உங்கள் பெட்டியில் முதலில் தேடவேண்டியது விஷு வருஷத்து உறைகள். அதாவது 1941 சித்திரையிலிருந்து 1942 பங்குனி வரை. அதிலும் கார்த்திகை, மார்கழி, தை. 1941 டிசம்பர் 8 அதிகாலையில் சிங்கப்பூர்மேல் முதல் குண்டு விழுந்தது, 1942 பிப்ரவரி 15 ஞாயிற்றுக்கிழமை நகரம் சரணடைந்தது. இந்த இடைவெளியில் சிங்கப்பூரில் முத்திரை வாங்கி ஊர் போய்ச் சேர்ந்த உறை எதுவானாலும் தனியே எடுத்து வையுங்கள். தணிக்கையாளர் பிரித்துப் பார்த்து ஒட்டிய காகிதப் பட்டையும் தணிக்கை முத்திரையும் இருக்கும். அந்தப் பட்டையைக் கிழிக்காதீர்கள், அதுவும் சாட்சிதான். ஊரிலிருந்து இங்கே போட்டு, சேவை நிறுத்தம் என்ற முத்திரையோடு திரும்பிப் போனவையும் உண்டு. அதன்பிறகு போர் முடியும் வரை ஊருக்கும் இங்குமாகச் சாதாரணக் கடிதப் போக்குவரத்து கிடையாது. உங்கள் கட்டிலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் அதை நிரப்ப எதையும் வாங்கிச் சொருகாதீர்கள்.

ஆக்கிரமிப்புக் காலத் தேதிகளில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அஞ்சல் 1942 மார்ச் 16 அன்று மறுபடி தொடங்கியது. பழைய நீரிணைத் தலைகள்மேலேயே சிவப்பு முத்திரை குத்தி விற்றார்கள். முத்திரைகளில் ஜப்பானிய ஆண்டு: சில ஷோவா கணக்கில், அதாவது அப்போதைய பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கில், அதில் 1942 என்பது 17. சில அவர்களது பேரரசுக் கணக்கில், அதில் 1942 என்பது 2602. தலைகள்மேலும் ‘2602’ என்று அச்சிட்டவை உண்டு. 2602 என்பதைப் பார்த்தால் யாரும் குழம்ப மாட்டார்கள், ஷோவா எண்தான் ஆபத்து. ஏனென்றால் ஜப்பானிய வரிசை ஆண்டு, மாதம், நாள். ‘18.2.15’ என்று ஒரு முத்திரை இருந்தால் அது 1943 பிப்ரவரி 15, சிங்கப்பூர் வீழ்ந்து சரியாக ஓராண்டு. நம் வழக்கப்படி இடமிருந்து படித்தால் 1915 பிப்ரவரி 18. சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தது 1915 பிப்ரவரி 15. ஆக, கலகம் நடந்த மூன்றாம் நாள் உறை என்று ஒருவர் உண்மையாகவே நம்பிவிட இடமிருக்கிறது. தலையில் யார் முகம் என்று பார்த்தால் ஒரு நொடியில் தெளியும். ஆறாம் ஜார்ஜ் முகத்தோடு 1915 தேதி வராது.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டியது ஆசாத் ஹிந்த் தலைகள். நேதாஜி 1943 அக்டோபர் 21 அன்று இடைக்கால அரசை அறிவித்தது இங்கே, கேத்தே கட்டடத்தில். நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அது சொந்தக் கதை. அதனால் அந்தத் தலைகளைப் பார்த்ததும் மனம் இளகிவிடும். அவை ஜெர்மனியில் அச்சானவை, அஞ்சல் புழக்கத்துக்கு வரவே இல்லை. முத்திரை விழாத அசல் தலைகள் தாராளமாகக் கிடைக்கின்றன, ஆசையிருந்தால் வாங்குங்கள். ஆனால் சியோனான் (ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர்) தேதி முத்திரையோடு கடிதம் போய்வந்த உறை என்று யாராவது நீட்டினால், எவ்வளவு உருக்கமான கதை சொன்னாலும், வாங்காதீர்கள்.

போருக்குப் பின் பிஎம்ஏ (பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்) மலாயா என்று மேலச்சிட்ட தலைகள். பிறகு 1948 செப்டம்பர் 1, சிங்கப்பூர் என்ற பெயரோடு முதல் தலைகள். அதன்பின் எல்லோரும் கேட்கும் நாள் 1965 ஆகஸ்ட் 9.

அது ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு, மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிகிறது என்ற அறிவிப்பு வந்தது. அன்று எந்த நினைவுத் தலையும் வெளியாகவில்லை, வெளியாகவும் முடியாது. சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் நினைவுத் தலைகள் 1966 ஆகஸ்ட் 9 அன்றுதான், குடியரசின் முதலாண்டு நிறைவுக்காக. எனவே 1965 ஆகஸ்ட் 9 முத்திரையோடு ஓர் உறை என்றால் அதில் அதற்கு முன்பே விற்பனையில் இருந்த சிங்கப்பூர்த் தலையோ மலேசியத் தலையோ இருக்கும். ஒரு கடை ரசீது அனுப்பிய உறையாகவோ ஊருக்குப் போன கடிதமாகவோ இருக்கும். பார்க்க ஒன்றுமே இருக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும். அழகாகப் படம் அச்சிட்டு ‘சுதந்திர தினம்’ என்று எழுதிய உறை அந்தத் தேதியில் வந்தால் நான் இரண்டு முறை யோசிப்பேன், முந்தைய நாள் வரை அந்தச் செய்தி பொதுமக்களுக்குத் தெரியாது அல்லவா? உங்கள் ஐயா அந்த வாரம் ஊருக்கு எழுதியிருந்தால், உறையைவிட உள்ளே இருப்பதைத்தான் நான் முதலில் படிப்பேன்.

தேதியை வைத்துச் சேகரிப்பதில் வழிகள் பல. ஆண்டின் 366 நாளுக்கும் ஒவ்வொரு முத்திரை என்று நாள்காட்டி போல நிரப்புவது ஒன்று. சிறுவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், செலவில்லை, தேடும் சுகம் உண்டு. கடைசியில் பிப்ரவரி 29 ஒன்றுக்காக எல்லோரும் அலைவார்கள். சிங்கப்பூர் பெயரிட்ட தலைகள் வந்த பிறகு 1952 முதல் 2024 வரை அந்தத் தேதி 19 முறைதான் வந்திருக்கிறது, அதில் 1976, 2004 இரண்டும் ஞாயிறு. 11.11.11 போன்ற வேடிக்கைத் தேதிகள் இன்னொன்று. அன்றைக்கு வேண்டுமென்றே வரிசையில் நின்று முத்திரை வாங்கியவர்கள் ஏராளம், அதனால் அதில் எனக்கு ஈர்ப்பில்லை. முதல்நாள், கடைசிநாள் என்று சேர்ப்பது ஒன்று: ஒரு தலை வெளியான நாள், ஓர் அஞ்சலகம் மூடிய நாள், கட்டணம் மாறிய நாள். 2023 அக்டோபர் 9 அன்று உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 31 காசிலிருந்து 51 காசானது. அதற்கு முந்தைய நாள்களின் 31 காசு உறை ஒன்றும், மாறியபின் 51 காசு உறை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் நிறைந்துவிடும்.

உங்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. உங்கள் கையில் ஒரே குடும்பத்தின் முப்பது ஆண்டுக் கடிதப் போக்குவரத்து இருக்கிறது. அதைத் தேதி வரிசையில் அடுக்கினாலே தனிச் சேகரிப்பு. வெளியிலிருந்து ஒரு தலைகூட வாங்க வேண்டாம்.

தேதியைச் சரிபார்க்க எனக்குப் பழகிய வரிசை ஒன்று உண்டு. முதலில் தலை வெளியான நாள். முத்திரை அதற்கு முந்தியதானால் கதை முடிந்தது. அடுத்து கிழமை. ஞாயிறோ பொது விடுமுறையோ என்றால் பொய் என்று அர்த்தமில்லை, கூடுதலாகப் பார்க்கவேண்டும் என்றுதான் அர்த்தம். பிறகு கட்டணம். சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டவேண்டியதைவிடப் பல மடங்கு தலை ஒட்டி, எல்லாவற்றின்மேலும் மூலையில் சுத்தமாக முத்திரை விழுந்திருந்தால் அது கடிதம் அனுப்ப ஒட்டியதல்ல, சேகரிப்பாளருக்காகக் குத்தியது. அதில் தப்பில்லை, ஆனால் உண்மையாகப் பயணம் செய்த உறையின் மதிப்பு அதற்கு வராது. பிறகு பின்பக்கம், சேர்ந்த ஊரின் முத்திரை. கடைசியாக முத்திரை மை தலையிலிருந்து உறைக்குத் தொடர்ச்சியாக ஓடுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது. தலைமேல் கறுப்பு, உறைமேல் சற்று நரை என்றால் வேறு உறையிலிருந்து பெயர்த்து ஒட்டி, முத்திரையைக் கோடு போட்டு நீட்டியிருக்கிறார்கள்.

புற ஊதா கைவிளக்கு ஒன்று வாங்கி வைப்பது நல்லது. காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனங்கள் பரவலானது 1950ஐ ஒட்டித்தான். 1941 தேதியிட்ட உறை அந்த விளக்கில் நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அந்தக் காகிதம் 1941இல் இல்லை. மங்கலாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, பழைய வெற்று உறைகள் எங்கும் கிடைக்கின்றன. பொய் முத்திரை புதிய தொழிலும் அல்ல. லண்டனில் மேடம் ஜோசப் என்ற பெயரில் இயங்கியவர் பிரிட்டிஷ் காலனி ஊர்களின் பெயரில் நூற்றுக்கணக்கான முத்திரைகளைத் தேதியோடு செய்து வைத்திருந்தார். அவர் பயன்படுத்திய அச்சுகள் பிறகு லண்டன் ராயல் பிலாட்டெலிக் சொசைட்டியிடம் வந்து சேர்ந்தன.

சில உறைகளில் ஆண்டு படியாது, மை அப்பியிருக்கும். சிங்கப்பூர் முகவரி இருந்தால் அதுவே உதவும். அஞ்சல் குறியீட்டில் ‘சிங்கப்பூர் 8’ என்பதுபோல் ஓரிரு இலக்கம் 1950க்குப் பிறகு, நான்கு இலக்கம் 1979க்குப் பிறகு, ஆறு இலக்கம் 1995 செப்டம்பர் 1க்குப் பிறகு. முத்திரையில் நேரம் இருந்தால் அது எந்த நேரம் என்பதும் காலத்துக்குக் காலம் வேறு. 1936இல் சிங்கப்பூர் கிரீனிச்சுக்கு ஏழு மணி இருபது நிமிடம் முன்னால் இருந்தது. ஆக்கிரமிப்பில் தோக்கியோ நேரம். இப்போதைய எட்டு மணி கணக்கு 1982 ஜனவரி 1 முதல்தான், அதற்காக முந்தைய இரவு பதினொன்றரைக்கே கடிகாரம் பன்னிரண்டுக்குத் தள்ளப்பட்டது.

பாதுகாப்புக்கு வருவோம், ஏனென்றால் இந்த ஊரில் உறைகளுக்கு முதல் எதிரி காற்றுதான். காரைக்குடிப் பக்க வெயிலில் எண்பது ஆண்டு கெடாமல் இருந்த காகிதம் இங்கே இரண்டு பருவமழையில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். டிரங்குப் பெட்டியிலேயே விடாதீர்கள். கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரி சிறியதாக ஒன்று போதும், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். பிவிசி பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம், அவை நாளாக ஆகப் பிசுபிசுத்து மையை இழுக்கும். பாலிபுரொப்பிலீன் என்று குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். துருப்பிடித்த குண்டூசி, கிளிப் இருந்தால் இன்றே கழற்றுங்கள். செலோ டேப் ஒட்டியிருந்தால் நீங்களாகப் பிய்க்காதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

கடிதத்தை உறையிலிருந்து எடுத்தால் எந்த உறையில் இருந்தது என்பதை அந்தக் கணமே பென்சிலில் எண்ணிட்டுக் குறியுங்கள், அதையும் உறையின் மேல் எழுதாமல் தனித்தாளில். முன்பக்கம், பின்பக்கம், கடிதம் மூன்றையும் ஸ்கேன் செய்து, கோப்புப் பெயரிலேயே தேதியை 1936-06-19 என்ற வடிவில் வையுங்கள். கணினி தானாக வரிசைப்படுத்திவிடும். தமிழ்த் தேதி இருந்தால் பக்கத்தில் எழுதுங்கள். பழைய கையெழுத்தில் தமிழ் எண்கள் வரும், வீட்டுப் பெரியவர் யாரையாவது உடன் வைத்துப் படியுங்கள்.

சிங்கப்பூர் அஞ்சல்தலை அரும்பொருளகம் 1995 முதல் கோல்மன் ஸ்திரீட்டில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் இப்போது சிறுவர் அரும்பொருளகம் இருக்கிறது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க அஞ்சல்தலைச் சங்கக் கூட்டங்களும் கண்காட்சிகளும் தேசிய நூலகமும்தான் கதி. சங்கத்து ஆட்கள் கூச்சமில்லாமல் உதவுவார்கள், ஸ்கேனைக் கொண்டு போங்கள், அசலை முதல் நாளே கொண்டு போகாதீர்கள்.

விலை என்ன என்று கேட்டீர்கள். 1970களுக்குப் பிறகான அச்சிட்ட முதல்நாள் உறைகளுக்குப் பெரிய விலை கிடையாது, ஏராளமாக இருக்கின்றன. போருக்கு முந்தைய சாதாரண ஊர் உறைகளுக்கு மிதமான விலை. 1941 டிசம்பருக்குப் பிந்தியவை, ஆக்கிரமிப்புக் கால உறைகள், பெரிய மதிப்புத் தலைகள் ஒட்டிய பதிவு அஞ்சல்கள், விமான அஞ்சலின் ஆரம்ப ஆண்டுகள், இவற்றுக்கு நல்ல விலை வரும். யாராவது நல்லதாக நான்கைந்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு ரொக்கம் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். கட்டு உடைந்த பிறகு மற்ற உறைகளின் தேதிகளுக்குத் தொடர்ச்சி போய்விடும், மிச்சத்தை யாரும் கேட்க மாட்டார்கள். விற்பதானால் முழுக்கட்டாக, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்த பிறகு, குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேட்டுவிட்டு விற்கலாம். முதலில் விஷு வருஷத்து உறை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், என்ன முத்திரை என்று படித்துச் சொல்கிறேன்.